நாலாவது வரிசை

செங்கல்பட்டு
9.6.2024

அன்புள்ள தங்கச்சி ஜாய்சுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே நானும் உன் அண்ணி அன்பரசியும் நல்லபடியாக இருக்கிறோம். எனக்குச் சுகர் மட்டும் ஜல்லி விலை மாதிரி ஏறுகிறது, இறங்குகிறது. கச்சால் தீவில் உன் உடம்பு எப்படி? ஊர் நோயாளிகளை எல்லாம் நீ பார்க்கிறாய், உன்னைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

போனில் பேசினால் நான் வாயை விடுகிறேன், நீ கட் பண்ணிவிடுகிறாய். மற்ற நாளில் உன் தீவில் சிக்னலே கிடைப்பதில்லை. அதனால்தான் கடிதம். தவிர எனக்கு உன் கையெழுத்து காகிதத்தில் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை மாமல்லபுரத்துக் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்து, செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று இருக்கிறேன். இங்கே குடும்பத்துக்கென்று இடம் வாங்கியாகிவிட்டது. சுற்றுச்சுவர் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, வண்டி நிறுத்தலாம். மேலே நானே கிரானைட் போடுகிறேன், நல்ல கறுப்பு. அங்கே என்ன இருக்கிறது? மணல், சவுக்கு, நாய். வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்தாலும் உப்புக் காற்றில் மூன்று மாசம் தாங்குவதில்லை.

பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் மண்ணில் மண்வெட்டி வைக்க விடுவேன் என்கிறார் பங்கு ஃபாதர். வேறொரு குடும்பத்தில் அண்ணன் தம்பி அடிதடி ஆகிப்போனதால் அவருக்குப் பயம். நான் போட்டுவிட்டேன். இதோடு இருக்கும் தாளில் பென்சிலால் குறித்த இடத்தில் நீ போட்டு அனுப்பு. மழைக்காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

கல் யார்டில் வேலை நல்லபடி போகிறது. கடற்கரைப் பக்கம் கருங்கல் ஆர்டர் போன வருஷம் முழுக்க ஓடியது. மூன்றாவது லாரி வாங்கினேன்.

யோசித்துக்கொண்டு உட்காராதே.

உன் அண்ணன்
கிருபாகரன்


கச்சால்
1.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிட்டுத் தைலம் தேய்க்கிறாள் என்று நினைக்கிறேன், தேய்க்கட்டும், ஆனால் மாத்திரையையும் போடச் சொல்.

உன் கடிதம் கப்பலில் வந்து சேர இருபது நாள் ஆனது. படித்து முடிக்க இரண்டு நிமிஷம். கையெழுத்துப் போட மாட்டேன்.

அண்ணே, நீ காரணம் இல்லாமல் ஒரு வேலையும் செய்ய மாட்டாய். காரணத்தை வெளியே சொல்லவும் மாட்டாய். அந்த மண்ணை யார் கேட்கிறார்கள்? கடற்கரை முழுக்க ரிசார்ட் வந்துகினு கீதுன்னு போன வருஷம் நீதான் போனில் சொன்னாய். அம்மா தலையை அந்தப் பக்கம் நகர்த்தினால் யாருக்கு வசதி?

லைட் ஹவுஸ் பாறை அடியில் பதினெட்டு வருஷம் மாங்காய்ப் பத்தை விற்றாள். விளக்கு எரிந்ததும் கூடையைக் கட்டுவாள். "செத்தா அந்த வெளிச்சம் சுத்தி வந்து மேல படுற இடத்துல வைங்கடா" என்று அவள் சொன்னது உன் காதிலும்தான் விழுந்தது. செங்கல்பட்டில் எந்த வெளிச்சம் படும்? ரயில்வே ஸ்டேஷன் விளக்கா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துப் புழுங்க எனக்குத் தெரியாது. 2017-ல் மாமல்லபுரத்துக் காலனி வீட்டை விற்றபோது என் கையெழுத்தை நீயே போட்டாய். அச்சு அசல் என் கை. பத்திரத்தைப் பார்த்து நானே ஒரு நிமிஷம் ஏமாந்தேன். அதற்கப்புறம் உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. கல்லறைத் திருநாள் அன்று லைட் ஹவுஸ் மேலே ஏறி, தெற்கு மூலையில் நின்று, ஒரு போட்டோ. கிட்டே போய் எடுத்தால் சிமெண்டுதான் தெரியும். மேலேயிருந்து எடுத்தால் காலனி, சவுக்குத் தோப்பு, ஆறு வரிசைச் சிலுவை, நாலாவது வரிசையில் அம்மா, அப்புறம் கடல், எல்லாம் ஒரே தாளில். வருஷம் தவறாமல் அனுப்பினாய். அதற்கு நன்றி.

இந்த வருஷம் நவம்பர் வரை காத்திருக்க மாட்டேன். இப்போதே ஏறி எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

உன் தங்கச்சி
ஜாய்ஸ்


செங்கல்பட்டு
24.7.2024

அன்புள்ள ஜாய்சுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அண்ணி மாத்திரையும் போடுகிறாள், தைலமும் தேய்க்கிறாள். வீடே வைத்தியசாலை வாசம்.

நீ கேட்ட போட்டோ உள்ளே இருக்கிறது. போன சனிக்கிழமை யார்டைச் சாத்திவிட்டுப் போனேன். சாயங்காலம் அஞ்சு மணி, கடைசி டிக்கெட். டிக்கெட் கிழிக்கிற கோதண்டராமன் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மலையவே ஒடைச்சி லாரில ஏத்துற ஆளு, இந்தப் படி ஏற இப்பிடி மூச்சு வாங்குறியே" என்றார். மேலே காலேஜ் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி. எனக்கு நிற்க இடம் கிடைப்பதே பெரிய பாடாகிவிட்டது. கல்பாக்கம் பக்கம் ஜூம் பண்ணாதே என்று வேறு அதட்டினார்கள். அதனால் சிலுவைகள் சின்னதாகத்தான் தெரியும். ஆறு வரிசையும் இருக்கிறதா, எண்ணிக்கொள்.

பார்த்தாயிற்று அல்லவா? யாருக்கும் நான் எதையும் விற்கவில்லை. இனிமேலாவது கையெழுத்தைப் போடு. ஆடி பிறந்துவிட்டது. ஐப்பசியில் மழை பிடித்தால் குழி தோண்ட முடியாது, மணல் சரியும். வேறு காரணம் தேடாதே.

உன் அண்ணன்
கிருபாகரன்


கச்சால்
15.8.2024

அண்ணே,

நலம். நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

போட்டோவைச் சுவரில் ஒட்டி நாலு நாள் பார்த்தேன். ஆறு வரிசையும் இருக்கிறது. ஆனால் சவுக்கு மரங்களின் நிழல் எல்லாம் ரோட்டுப் பக்கம், மேற்கே விழுகிறது. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சூரியன் மேற்கே இருந்தால் நிழல் கடல் பக்கமல்லவா விழ வேண்டும்? இது காலையில் எடுத்த படம். நீ எழுதிய அன்றைக்கு எடுத்ததே இல்லை. பழைய படத்தில் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறாய். காலையில் போனேன் என்று எழுதியிருந்தால் நான் நம்பித் தொலைத்திருப்பேன். யார்டைச் சாத்தாமல் நீ எங்கேயும் போக மாட்டாய் என்பதால் பொய்யிலும் சாயங்காலம் வந்துவிட்டது.

என்ன நடக்கிறது அங்கே? விற்றுவிட்டாயா? வேலி போட்டுவிட்டார்களா? நவம்பர் ரெண்டாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கப்பலைப் பிடித்தாவது வருவேன். நானே படி ஏறிப் பார்க்கிறேன். அதுவரை எந்தத் தாளிலும் என் பெயர் இருக்கக் கூடாது. நீ போட்டாலும் சரி, நான் போட்டாலும் சரி.

ஜாய்ஸ்


கச்சால்
15.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இதை நீங்கள் மட்டும் படியுங்கள். உங்கள் முழங்காலோடு கேட்கக் கூடாத உதவிதான். ஒரு நாள் லைட் ஹவுஸ் மேலே ஏறி, தெற்கே பார்த்து, கண்ணில் படுவதை அப்படியே எனக்கு எழுதுங்கள். அண்ணன் எதையோ மறைக்கிறார். உங்களுக்கு எனக்கு முன்னால் தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள், கோபப்பட மாட்டேன்.

உங்கள் ஜாய்ஸ்


செங்கல்பட்டு
8.9.2024

அன்புள்ள ஜாய்சுக்கு அன்பரசி எழுதுவது,

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இன்றைக்கு உங்கண்ணன் எழுந்திருக்கும் முன்னாலேயே கிளம்பி, பஸ் பிடித்துப் போய்விட்டு வந்தேன். படி ஏறினதில் கால் வீங்கிக் கிடக்கிறது. அதனால் என்ன.

ஜாய்ஸ், வேலியும் இல்லை, விற்கவும் இல்லை. கடல் வந்துவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் நல்லாத் தெரியுது. மூணு வரிசை காணோம். சவுக்கு பாதி காணோம், வேரெல்லாம் தலைகீழா நிக்குது. அத்தை இப்போ முதல் வரிசை. அலை வந்து அடிக்கிறதுக்கும் அத்தை சிலுவைக்கும் நடுவுல நம்ம வாசல் அகலம்தான் இருக்கும். மத்த குடும்பமெல்லாம் பெயர்த்து எடுத்துட்டுப் போறாங்க.

தெற்கே தோப்பு முடியற இடத்துல ஒரு ரிசார்ட். அது முன்னாடி நீட்டுக்கும் கருங்கல் கொட்டி வச்சிருக்கு. அங்கே மண்ணு அப்படியே இருக்கு. கல்லு முடியற இடத்துலேருந்துதான் கடல் கடிக்குது. அது யாரு கல்லுன்னு நான் சொல்லணுமா? லாரி ஓடினது போன வருஷம் பூரா. எனக்கு இப்பதான் ஒண்ணோட ஒண்ணு சேருது. சாமி சத்தியமா முன்னாடி தெரியாது.

இன்னொண்ணு. கீழே டிக்கெட் கிழிக்கிறவர் என் பேரைக் கேட்டதும், "கல்லுக்கார சார் வூட்டம்மாவா?"ன்னாரு. "வாரா வாரம் ஞாயித்துக்கெழமை வருவாரு. டிக்கெட்டு வாங்குவாரு, கேமராவுக்கும் வாங்குவாரு. சாத்துற வரைக்கும் தெக்கால பாத்து நிப்பாரு. ஒரு படம் எடுத்து நான் பாத்ததில்ல" என்றார். நான் இவர் ஞாயிற்றுக்கிழமை சீட்டாடப் போகிறார் என்று இத்தனை மாசமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை அவர் முன்னால் வைக்கப் போகிறேன். ஒளித்து வைத்தது போதும்.

அன்பரசி


செங்கல்பட்டு
9.9.2024

ஜாய்சு,

அன்பரசி எழுதியதைப் படித்தேன். ஒரு எழுத்தும் தப்பில்லை. அதே கவரில் இதையும் வைக்கிறேன்.

ஏன் விற்கிறோம் என்று சொல்கிற வியாபாரி உருப்பட மாட்டான். லோடுமேனாக இருந்து யார்டு வைத்தது வரை முப்பது வருஷமாக எனக்கு இதுதான் பாடம். கையெழுத்து வேண்டும் என்றால் அதை மட்டும் கேட்பேன், காரணத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வேன். உன்னிடமும் அப்படியே செய்தேன். காரணத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி கல் யாருடையது என்பது. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்ல வாய் இல்லை.

கல் கொட்டின முதல் நாள் நான் அங்கே நின்றேன். காலனி தமிழ்ச்செல்வி, அம்மாவோடு மாங்காய் விற்றாளே அந்த அக்கா மகள், தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்று பார்த்தாள். "கிருபாண்ணே, இங்க கல்லப் போட்டா கடலு சும்மா திரும்பிப் போயிடுமா? வடக்கால வந்து கடிக்கும்" என்றாள். "ஏம்மே, கடலுக்கு இன்னா பல்லா கீது?" என்று சிரித்தேன். லாரி டிரைவரும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நீ கேட்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். என்னிடம் கல் இருக்கிறது, மூன்று லாரி இருக்கிறது. ஒரே வாரத்தில் அம்மாவுக்கு முன்னால் சுவர் மாதிரி கொட்டிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கொட்டினால் கடல் அதற்கு வடக்கே போகும். வடக்கே நம்ம காலனி. முதல் வீடு தமிழ்ச்செல்வி வீடு. ரெண்டு தடவை லாரியில் ஏற்றச் சொன்னேன், ரெண்டு தடவையும் இறக்கச் சொன்னேன். யார்டு ஆட்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

மிச்சம் ஒரு வழிதான். உன் கையெழுத்து. புதுத் தாள் வைத்திருக்கிறேன். அன்பரசி, "முன்னாடி போட்டவர்தானே, நீங்களே போட்டுக் குடுங்க, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்கிறாள். மாட்டேன். அந்த வீட்டுப் பத்திரத்துக்கு அப்புறம் ஏழு வருஷம் நீ என்னை எப்படிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நேற்று ராத்திரியிலிருந்து உன் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள் அந்தப் பெண்.

திட்டுவதைத் தனித் தாளில் திட்டு. கையெழுத்தை முதலில் அனுப்பு.

கிருபாகரன்


கச்சால்
1.10.2024

அண்ணே,

கடிதம் நேற்று வந்தது. கையெழுத்துப் போட்ட தாள் இதோடு. ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா ஷபானாவைச் சாட்சி போடச் சொன்னேன், ஃபாதருக்குச் சந்தேகம் வேண்டாம்.

முதலில் ஒரு தாளில் "கொட்டு, உன் கல்லையே கொட்டு, யார் வீடு போனால் எனக்கென்ன" என்று எழுதினேன். ராத்திரி டியூட்டிக்குப் போய்விட்டு வந்து கிழித்தேன். நீ அனுப்பிய பொய்ப் படத்தில் தமிழ்ச்செல்வி வீட்டு மாடி தெரிகிறது. கொடியில் துணி காய்கிறது.

ஜூனில் நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "கடல் வருகிறது." அன்றைக்கே போட்டு அனுப்பியிருப்பேன். கல் யாருடையது என்று கேட்டிருப்பேன், ஆறு மாசம் பேசாமலும் இருந்திருப்பேன். ஆனால் போட்டிருப்பேன். நான் என்ன உன் கடைக்கு வந்த வாடிக்கையா?

கடல் இங்கேயும் கொந்தளிப்பாக இருக்கிறது. கப்பல் துறையிலேயே நிற்கிறது. டவரும் விழுந்துவிட்டது, போனுக்கு வழியே இல்லை. அதனால் இதையும் எழுதி வைக்கிறேன். இந்தத் தாள் வருவதற்குள் தண்ணீர் கிட்டே வந்துவிட்டால் காத்திருக்காதே. 2017-ல் போட்ட மாதிரி நீயே போட்டுவிடு. என் கை உனக்கு நன்றாக வரும். இந்தத் தடவை நான் கேட்க மாட்டேன்.

அம்மாவைத் தூக்கும்போது ஆட்களை மெதுவாகச் செய்யச் சொல்.

ஜாய்ஸ்


செங்கல்பட்டு
24.10.2024

அன்புள்ள ஜாய்சுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. 22-ஆம் தேதி. கடல் 16-ஆம் தேதி வந்துவிட்டது.

14-ஆம் தேதியிலிருந்து மழை. 15-ஆம் தேதி சாயங்காலம் ஃபாதர் வீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் கல் மாதிரி ஆளில்லை, அவரும் கலங்கித்தான் போயிருந்தார். "தங்கச்சி சம்மதம் ஒரு எழுத்தாவது காட்டுங்க, நான் குடையோட வந்து நிக்கிறேன்" என்றார். மேஜை மேல் தாள் இருந்தது. பேனாவும் இருந்தது. அவர் டீ போடச் சொல்ல உள்ளே போனார், வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. பேனாவைத் திறந்தேன். உன் 'ஜா' எப்படிச் சுழியும் என்று என் கைக்கு இன்னும் தெரியும். மூடிவிட்டேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது உன் பெயரை நீயே எழுதட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அன்றைக்குத்தானா வர வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் போனேன். நாலாவது வரிசை இல்லை. அஞ்சாவதில் இரண்டு சிலுவை சாய்ந்து நின்றது. தமிழ்ச்செல்வி மழையில் நனைந்துகொண்டு கரையோரம் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா சிலுவையின் குறுக்குச் சட்டம் மட்டும் கிடைத்தது. அம்மா பெயரில் "செங்கம்" வரை எழுத்து இருக்கிறது. அதைத் தன் வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறாள். அன்றைக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்வாள் என்று நின்றேன். "டீ குடிக்கிறியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். குடித்தேன். அவள் வீடு நிற்கிறது.

ரிசார்ட்டில் இருந்து போன் வந்தது, சுவரை இன்னும் வடக்கே நீட்ட வேண்டுமாம், கல் வேண்டுமாம். இல்லை என்றேன். இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நேற்று அந்த ரோட்டில் வேறு யார்டு லாரி கல்லோடு போனதைப் பார்த்தேன். அந்த டிரைவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனான். காலனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். எத்தனை லோடு, எந்த இடம், எந்த நாள், எல்லாம் என் பில் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் எனக்கும் சேர்த்துத்தான் கேள்வி வரும். வரட்டும்.

நீ அனுப்பிய தாளை ஃபாதரிடம் கொடுக்கவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். "நீயே போட்டுவிடு" என்று நீ எழுதிய வரியை நான் ஒரு தடவைதான் படித்தேன். இன்னொரு தடவை படிக்க என்னால் ஆகாது.

நவம்பர் ரெண்டாம் தேதிக்கு உனக்குக் கப்பல் கிடைக்குமோ, அதற்குள் இந்தக் கடிதம்தான் சேருமோ தெரியாது, எப்போது முடிகிறதோ அப்போது வா. சேர்ந்து ஏறலாம். எங்கே பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

போட்டோ உள்ளே. நேற்று எடுத்தது, தெற்கு மூலையில் நின்று. சாயங்காலம் அஞ்சு பத்து, யார்டைச் சாத்திவிட்டுப் போனேன். மிச்சம் இருக்கிற சவுக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொள். கடல் பக்கம்தான்.

உன் அண்ணன்
கிருபாகரன்